ஆறாம் ஸ்தலத்துக்கு ஒரு துணி

நானும் அம்மாவும் அப்பாவின் பழைய வேட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு முறுக்கத் தயாரானோம். தெருமுனை அடிபம்பிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் மறுபடி மறுபடி அலசிய வேட்டி. அம்மாவின் பிடி நழுவியது. ஈரத்துணி தரையில் சப்பென்று விழுந்தது.

"உன் பக்கம் ரொம்ப முறுக்கிட்டே" என்றாள்.

நான் முறுக்கவே ஆரம்பிக்கவில்லை. துணியை எடுத்து இன்னொரு தரம் அலசினேன். இம்முறை அம்மா தன் முனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். நான் மட்டும் முறுக்கினேன். தண்ணீர் சொட்டி நின்றது. ஜன்னல் கம்பியில் போட்டால் துரு ஒட்டும் என்று அறைக்குள் நைலான் கயிற்றில் காயப்போட்டோம்.

பிறகு அம்மா ஒரு காலி ஸ்குவாஷ் பாட்டிலில் அதே பம்புத் தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கி, வாசல் கதவோரம் குடைக்குப் பக்கத்தில் வைத்தாள். காலைப் பூசைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போகலாம் என்று. மறுநாள் காலை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அதன்பின் எழுந்திருக்கவும் இல்லை. அது 1997, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்.

அம்மாவின் பெயர் நோரா. சாந்தோம் பக்கத்தில் ஒரு பங்குக் கோயிலின் பள்ளியில் கைவேலை டீச்சர். தையல், காகிதப் பூ, கிறிஸ்துமஸ் குடில், ஆண்டுவிழா மேடைக்கு அட்டை மரங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. பள்ளிக்கூடம் எதையும் வாங்கித் தராது. ஆகவே எதையும் வாங்காமல் செய்வதே அவள் பழக்கமாகிவிட்டது. உடைந்த சாக்பீஸைப் பொடித்து ஃபெவிகாலில் குழைத்தால் சுண்ணப்பூச்சு. டீத்தூளைக் கொதிக்கவைத்தால் பழைய காகிதத்தின் நிறம். ஷூ பாலிஷ் தேய்த்தால் அட்டை மரமாகும். லீவு நாளில் 12பி பஸ் பிடித்து தி.நகர் போய், ரங்கநாதன் தெருவின் பின்சந்துகளில் ரவிக்கை தைக்கிறவர்களிடம் வெட்டுத்துணி கேட்டு வாங்கி, கோணிப்பையோடு மாம்பலம் கூட்டத்தில் இடிபட்டுத் திரும்புவாள். பையை யாராவது பிடித்துத் தள்ளினால் "உள்ளே முட்டை இருக்கு" என்பாள்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் டிப்ளமோ முடிப்பதற்குள் இறந்துபோனார். எனக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. பெயிண்ட் அடித்த இரும்புத் தகடுகளை ஒரு பெட்டிக்குள் அடுக்கி, உப்புநீரைப் புகைபோலத் தெளிப்போம். எங்கே கொப்புளம் கிளம்புகிறது, எங்கே துரு எட்டிப்பார்க்கிறது என்று கவனிப்பது என் பகுதி. வீட்டில் அதற்குப் பெட்டி தேவையில்லை. ரோசரி சர்ச் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்து. கடற்காற்று ஜன்னல் கம்பியை வருஷத்துக்கு ஒரு தடவை தின்னும்.

96 ஜூனில் பெய்த பெருமழையில், அடையாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே இருந்த குப்பத்துச் சிற்றாலயத்துக்குள் தண்ணீர் ஏறியது. சுவரில் மாட்டியிருந்த சிலுவைப்பாதைப் படங்கள், ஏசுவின் தீர்ப்பிலிருந்து கல்லறை வரை ஸ்தலத்துக்கு ஒன்றாகப் பதினான்கும், கண்ணாடிச் சட்டத்துக்குள்ளேயே ஊறி, நமத்துப்போன அப்பளம் மாதிரி ஆயின. ஆலயத்தின் சாவியை வைத்திருந்தவள் மீன் விற்கும் லூர்து. அவளுடைய மகன் அம்மாவிடம் படித்தவன். அவள் வந்து, புதுப் படம் வாங்கப் பங்குக் கோயிலில் பணமில்லையாம், வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு சிலுவைப்பாதை செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். புலம்பலாகத்தான் சொன்னாள். அம்மா அதை வேலையாக எடுத்துக்கொண்டாள்.

அதற்கு முன்பு அவள் செய்ததெல்லாம் குழந்தைகளுக்கு. விழா முடிந்ததும் கிழித்துப் போடுவது. சுவரில் நிற்கிற மாதிரி எதையும் அவள் செய்ததில்லை. "நான் போனப்புறமும் மழையில நிக்கணும். அந்த மாதிரி பண்ணணும்" என்றாள். அப்போது அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சும்மா சொன்னதுதான்.

தேயிலைப் பெட்டிப் பலகைகளை வாங்கி ஒரே அளவில் அறுத்தாள். எது ஈரத்தைத் தாங்கும் என்று சின்னச் சின்னத் துண்டுகள் செய்து மொட்டைமாடியில் வெயிலிலும் பனியிலும் போட்டுப் பார்த்தாள். மைதாப் பசையைக் கரப்பான் தின்றது. ரவிக்கைத் துணியின் சிவப்பு ஒரே மழையில் பலகை முழுக்க ஓடியது. கடல் மணலை ஒட்டியபோது அது மழைக்காலம் முழுக்க ஈரமாகவே இருந்தது. மணலில் உப்பு இருக்கிறது, உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும், நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு ஒட்டு என்றேன். அன்றிலிருந்து உப்பு அவளுக்கு எதிரி. எதையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்க்காமல் பலகையில் ஒட்டமாட்டாள். கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்று அடிபம்பிலேயே பிடிப்பாள். நான் வேலைசெய்யும் பெட்டியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பாள்.

குப்பத்தில் கிடைத்த கிழிந்த வலை, கயிற்று நார், உடைந்த கட்டுமரச் சிம்பு, ஆணி எல்லாம் பலகையில் ஏறின. முதல் ஸ்தலத்தில், ஏசுவுக்குத் தீர்ப்பளித்துவிட்டுக் கை கழுவும் பிலாத்துவின் கைகள் மட்டும் இருக்கும். பழைய அலுமினியத் தட்டை நெளித்துச் செய்தவை. மூன்றாவதில் மணலில் ஊன்றிய ஒரு முழங்கால். கூட்டத்துக்கு வலையும் பொத்தான்களும். எங்கேயும் முகம் கிடையாது. எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

"எனக்கு முகம் வராது. பள்ளிக்கூடத்துல நான் போட்ட மாதா படத்தைப் பாத்துட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் 'இது யாரு, வாட்ச்மேனா'ன்னு கேட்டாங்க. அதோட விட்டுட்டேன்" என்பாள்.

ஆனால் ஆறாம் ஸ்தலத்தில் முகத்திலிருந்து தப்ப முடியாது. சிலுவை சுமந்து போகிறவரின் முகத்தை வெரோணிக்கா என்ற பெண் தன் துணியால் துடைக்கிறாள். துணியில் முகம் பதிந்துவிடுகிறது. அந்த ஸ்தலமே அதுதான்.

ஒருநாள் ஜன்னல் கம்பியில் காயப்போட்ட ஈரத்துண்டு துருக்கறையோடு வந்தது. நான் அதைத் தூக்கிப்போடப் போனேன். அம்மா பிடுங்கி வெளிச்சத்தில் விரித்தாள்.

"இங்க பாரு. தாடை தெரியுது."

"துரும்மா."

"துருதான். வெரோணிக்கா வரைஞ்சாளா?"

"இல்ல."

"துடைச்சா. அதுவா விழுந்துச்சு. நானும் வரையப்போறதில்ல, ஜொவி. அதுவா விழட்டும்."

லஸ் பக்கம் ஒரு சந்தில் வெள்ளைத்துரை என்பவரின் லேத்துப் பட்டறை. இரும்புத்தூள் கேட்டு அம்மா போனபோது நானும் கூடப் போனேன். அவர் இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப்போறீங்க? கேசரி கிண்டப்போறீங்களா?"

"ஏசு சாமி முகம் பண்ணப்போறேன்."

"எங்க பட்டறைத் தூசிலயா?"

"உங்க பட்டறைத் தூசியிலதான்."

அவர் லேத்தை நிறுத்தினார். பிறகு எண்ணெய் விடாமல் கடைந்த வார்ப்பிரும்புத் தூளாகப் பார்த்து ஒரு பால்பவுடர் டப்பா நிறைய அள்ளிக் கொடுத்தார். முகம் வந்தால் தனக்குக் காட்ட வேண்டும் என்றார்.

வேலை இப்படி. பிளாஸ்டிக் தாள் மேல் ஈரத்துணியை விரிப்பாள். இரும்புத்தூளைக் கோலம் போடுகிறவள் மாதிரி விரல் இடுக்கில் விட்டு, கண்குழி வரும் இடத்தில் அதிகமாகவும் நெற்றியில் குறைவாகவும் தூவுவாள். வரையமாட்டேன் என்றவள் இந்த அளவு ஒத்தாசையை அனுமதித்துக்கொண்டாள். மேலே புளித்தண்ணீர் தெளித்து, இன்னொரு தாளால் மூடி, அம்மிக்குழவியை வைத்துவிடுவாள். அடுத்த நாள் திறந்தால் பழுப்பும் கறுப்புமாக ஒரு முகம் இருக்கும், அல்லது தோசைக்கல் மாதிரி ஒரே கறுப்பாக இருக்கும். தோசைக்கல்தான் அதிகம் வந்தது. நாளாக ஆக முகம் வந்தது. சோதனைக்குச் செய்த காடாத்துணி ஒன்றில் வந்த முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அடிபட்ட ஒரு மனிதன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

அந்த முறையிலேயே அப்பாவின் வேட்டித் துணியில் அசல் முகத்தைச் செய்தாள். அதுவும் நன்றாக வந்தது. பலகையில் இழுத்து மாட்டுவதற்குள் ஊசித்துளைகள் விழுந்தன. கொஞ்ச நாளில் கன்னம் முழுக்கப் பொத்தல். இழுத்தால் பழைய செய்தித்தாள் மாதிரி கிழிந்தது. இன்னொன்று செய்தாள். அதுவும் அப்படியே. ஆனால் மாடியில் கிடந்த சோதனைத் துணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே தூள், அதே புளி. வேட்டிதான் நைந்துபோனது என்று நினைத்து, சோதனைக்கும் வேட்டித் துண்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். அது கெட்டியாக இருந்தது.

இதற்கிடையில் டிசம்பரில் அவள் கண்கள் மஞ்சளித்தன. சாப்பாடு வயிற்றில் தங்கவில்லை. அடையாறில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி. அறுக்கமுடியாத இடம், பரவியும் இருக்கிறது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். வெளியே வந்தபோது அம்மா கேட்டாள்.

"ஈஸ்டர் வரைக்கும் இருப்பேனா?"

தெரியவில்லை என்றேன்.

"பெரிய வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தா போதும்" என்றாள்.

பதினான்காம் ஸ்தலம், கல்லறை, அப்போது பாக்கி இருந்தது. மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது முடிந்திருந்தது. கல்லறையின் இருட்டு பளபளவென்று கறுப்பாக, ஆழமாக இருந்தது. எதில் செய்தாய் என்று கேட்டேன். தன் ஸ்கேன் படங்களை வெட்டி ஒட்டியிருந்தாள். அவ்வளவு நல்ல கறுப்பு கடையில் கிடைக்காது என்றாள். அடுத்த தடவை டாக்டர் பழைய படத்தைக் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா நிதானமாக, "அது கோயில்ல இருக்கு, டாக்டர்" என்றாள். வேண்டுதலாக வைத்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். புதிதாக எடுக்கச் சொல்லவில்லை. எடுத்தும் பயனில்லை என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்பே பதின்மூன்று பலகைகளும் சிற்றாலயத்தில் ஏறிவிட்டன. லூர்துவின் மகனும் குப்பத்து ஆட்களும் வந்து தூக்கிப் போனார்கள். ஆறாவது ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது.

பொத்தல் விழுந்த துணியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி வேலைக்கு எடுத்துப்போய், நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில், உப்பைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன். பால் மாதிரி திரிந்தது. உப்பு. இரும்பும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் துரு நிற்காது. அதில் ஊறும் அமிலம் பருத்தி நூலைத் தின்றுவிடும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், புளியோடு உப்புச் சேர்த்தாயா, பித்தளை தேய்க்கிற மாதிரி, என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மணலையே கழுவுகிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்றாள்.

அந்த வாரச் சனிக்கிழமை மத்தியானம் அவள் மறுபடி ஒரு துணியை விரித்தபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தூள் தூவியாயிற்று. புளித்தண்ணீர் ஆயிற்று. பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், திருஇருதயப் படத்துக்குக் கீழிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வந்து, துணிமேல் தாராளமாகத் தெளித்தாள்.

"அது என்ன?"

"தீர்த்தம்."

"சோதனைத் துணிக்கும் இதைத்தான் தெளிச்சியா?"

"அதுக்குப் போய் யாராவது தீர்த்தத்தை வீணாக்குவாங்களா? அதுக்கெல்லாம் பம்புத் தண்ணி. இது கோயில்ல தொங்கப்போற துணி."

"அம்மா, நம்ம கோயில் லூயிஸ் ஃபாதர் தீர்த்தம் மந்திரிக்கும்போது என்ன போடுவாரு?"

"உப்பு. ஒரு பிடி. சின்ன வயசுலேருந்து பாக்கறேனே..."

அவள் நிறுத்தினாள். கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு வலியாக மாறிய பிறகும் விடவில்லை.

"மணலைக் கழுவினேன். துணியைக் கழுவினேன். கடைசில உப்பைக் கோயில்லேருந்து நானே சுமந்துட்டு வந்திருக்கேன்."

அவளைப் படுக்கவைத்து மாத்திரை கொடுத்தேன். வலி அடங்கியதும், சோதனைத் துணியில் வந்த அந்த மூடிய கண் முகத்தையே மாட்டிவிடலாம் என்றேன். அது கெட்டியாக இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது, இனி புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அது ரஃப் நோட்டு. ரஃப் நோட்டைக் கொண்டுபோய்க் கோயில்ல மாட்டுவாங்களா?"

"யாருக்கும் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியுமே. அந்த முகத்துல எல்லாரும் கை வச்சு, அந்த விரலை முத்தி பண்ணுவாங்க. வெறும் பம்புத் தண்ணியில வந்த முகம் அது."

வாதாடிப் பயனில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது கேட்டாள்:

"உப்பு போடாம மந்திரிச்சா அது தீர்த்தம் ஆகாதா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"ஃபாதரைத்தான் கேக்கணும்."

அதுதான் கஷ்டம். லூயிஸ் ஃபாதர் வயதானவர், பழைய ஒழுங்குக்காரர். பூசையைக் கொஞ்சம் சுருக்கமாக வைக்கலாமா என்று கேட்ட ஒருவரை, பெயர் சொல்லாமல், பிரசங்கத்தில் வாரக்கணக்கில் வறுத்தெடுத்தவர். அம்மா அவரிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. சிலுவைப்பாதைப் பலகைகள் செய்வதைக்கூட லூர்துதான் போய்ச் சொன்னாள். இப்போது அடுப்பங்கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கஞ்சி ஆற்றியபடி அம்மா ஒத்திகை பார்த்தாள். "ஃபாதர், ஒரு சின்ன உதவி" என்று தொடங்குவாள். சின்ன உதவி என்றால் அலட்சியமாகத் தோன்றுமே என்று நிறுத்துவாள். "ஃபாதர், தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்குவாள். அதுவும் பிடிக்காது. துணி, தூள், புளி எல்லாம் தயார். கேட்க வேண்டியது ஒரு வாக்கியம். அதற்கு அவளுக்கு நாட்கள் ஆயின. கடைசியில் சரி, நாளைக்குப் போகிறேன் என்றாள். அன்றுதான் வேட்டியை அலசி முறுக்கினோம்.

அதன்பின் படுக்கை. குளுக்கோஸ் ஏற்ற ஒரு நர்ஸ் வந்து போனாள். அம்மாவின் பேச்சு குறைந்து, பிறகு நின்றது. நோயில்பூசுதல் கொடுக்க லூயிஸ் ஃபாதர் வீட்டுக்கே வந்தார். கதவோரம் இருந்த பாட்டிலைத் தாண்டித்தான் உள்ளே வந்தார். எண்ணெய் பூசினார். செபம் சொன்னார். தீர்த்தம் தெளித்தார். சொட்டுகள் அம்மாவின் நெற்றியிலும் உதட்டிலும் விழுந்தன. அவள் நாக்கு நுனி வெளியே வந்து உதட்டைத் தொட்டுப் பார்த்தது. பிறகு கை போர்வைக்கு மேலே எழுந்து வாசல் பக்கம் நீண்டது. காற்று அடிக்கிறது என்கிறாள் என்று நினைத்தேன். போய்க் கதவைச் சாத்தினேன். கை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. ஃபாதர் அதைப் பிடித்து நெஞ்சில் வைத்தார். அன்று சாயங்காலம் இறந்தாள்.

அடக்கத்துக்கு வெள்ளைத்துரை வந்திருந்தார். பட்டறை உடுப்பு, கையில் கிரீஸ். முகம் வந்ததா என்று கேட்டார். வந்தது, நிற்கவில்லை என்றேன். அவர் தலையாட்டினார்.

பெரிய வெள்ளிக்கிழமை குப்பத்துச் சிற்றாலயத்துக்குப் போனேன். பதின்மூன்று பலகைகளும் கடற்காற்றில் அப்படியே இருந்தன. எதுவும் உரியவில்லை, பூசணம் இல்லை. கல்லறையின் கறுப்பில் மெழுகுவர்த்தி தெரிந்தது. ஐந்தாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் வெறும் ஆணி. ஆறாம் ஸ்தலம் என்று வாசித்ததும் எல்லாரும் அதற்கு முன்னால் முழங்காலிட்டார்கள். லூர்து மற்ற பலகைகளைத் தொட்டது போலவே ஆணியையும் தொட்டு விரலை முத்தமிட்டாள். முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்தாள்.

"டீச்சர் ஒரு துணி பண்ணி வச்சிருந்தாங்களே, ஓட்டை வுழுந்துச்சே, அத்தயாச்சும் கொண்டாந்து மாட்டேன். ஜனம் ஆணியப் பாத்து முட்டி போட்டுக்கினு கீது."

அம்மா அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள் என்றேன்.

"அவங்களுக்கு வேணாம். எங்களுக்கு இன்னா?"

அந்தத் துணி இனி தூக்கினாலே உதிரும் என்று மட்டும் சொன்னேன். அது உண்மை.

பாட்டில் குடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பம்புக் குழாயின் துரு அடியில் மெல்லியதாகப் படிந்திருக்கிறது. மேலே தண்ணீர் தெளிவு. குலுக்காமல் எடுத்துப் போனால் போதும். வேட்டி காய்ந்து, மடித்து, அலமாரியில். இரும்புத்தூள் டப்பாவில், காற்றுப் புகாமல். லூயிஸ் ஃபாதர் காலைப் பூசை முடிந்து உடுப்பு மாற்றிய பிறகு, கோயில் பக்கவாசலில் சிறிது நேரம் நிற்பார். அப்போது நான் பாட்டிலை நீட்டி, இந்தத் தண்ணீரில் மட்டும் உப்பு போடாமல் மந்திரித்துத் தர முடியுமா என்று கேட்க வேண்டும்.